மனச்சோர்வும் மூளையும் மனித உறவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனச்சோர்வு என்றவுடன் அழுகையும் சோகமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் கூடவே வாழ்கிறவர்களின் கண்ணில் முதலில் படுவது வேறொன்று: எடுக்கப்படாத தொலைபேசி அழைப்புகள், பதில் வராத செய்திகள், எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் முடியும் மறுமொழி, கடைசி நேரத்தில் கைவிடப்படும் சந்திப்புகள். இவற்றைத் திமிர் என்றும் அலட்சியம் என்றும் புரிந்துகொள்ளும் உறவினர்களுக்காகவும், தன்னைத்தானே அப்படி எண்ணி வதைபடுகிறவர்களுக்காகவும் இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

மனச்சோர்வும் மன அழுத்தமும் ஒன்றுதானா?

இல்லை. பேச்சு வழக்கில் இரண்டையும் கலந்து சொல்கிறோம். ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் ஆகிய இரண்டையும் குறிக்க மன அழுத்தம் என்ற ஒரே சொல் பத்திரிகைகளில் வருவதும் உண்டு. அதனால் ஏற்படும் குழப்பம் சிறியதல்ல. மன அழுத்தம் என்பது ஒரு சுமைக்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினை. பெரும்பாலும் சுமை இறங்கினால் அதுவும் இறங்கிவிடும். மனச்சோர்வோ சுமை இறங்கிய பின்னும் நிற்கக்கூடியது, வெளிப்படையான சுமை எதுவும் இல்லாமலும் வரக்கூடியது. "உனக்கு என்ன குறை, எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது" என்ற கேள்வி இந்த வேறுபாடு தெரியாததால் எழுவது. நீண்ட நாள் தொடரும் அழுத்தம் மனச்சோர்வுக்கு வழிவிடலாம் என்பதால் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் ஒன்று மற்றொன்றாகிவிடாது.

எந்த நிலையில் அதை நோய் என்று கொள்கிறார்கள்?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறை ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது: தாழ்ந்த மனநிலை, எதிலும் நாட்டமோ இன்பமோ இல்லாமை, பசியிலும் எடையிலும் மாற்றம், தூக்கக் கோளாறு, உடல் இயக்கம் மந்தமாவது அல்லது பதற்றத்தில் அலைவது, களைப்பு, தன்னைப் பயனற்றவராகவோ குற்றவாளியாகவோ உணர்வது, கவனக் குறைவு, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றுள் ஐந்து அறிகுறிகளாவது குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் இருக்க வேண்டும். அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஒன்றாவது இடம்பெற வேண்டும்.

மனிதர்களிடமிருந்து விலகுவது என்று தனி அறிகுறி எதுவும் இந்த ஒன்பதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் அறிகுறிகள் உறவுகளையோ வேலையையோ அன்றாட வாழ்வையோ குலைத்திருக்க வேண்டும், அல்லது கடும் துயரத்தைத் தந்திருக்க வேண்டும் என்பது வரையறையின் ஒரு பகுதி. விலகல் என்பது மற்ற அறிகுறிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து வெளியே காட்டும் முகம் என்று சொல்வது பொருந்தும். தைராய்டு சுரப்புக் குறைவு போன்ற உடல் நோய்களும் இதே தோற்றத்தைத் தரும் என்பதால், இணையத்தில் கிடைக்கும் வினாப் பட்டியலை நிரப்பி நாமே முடிவு கட்டாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எத்தனை பேருக்கு இது வருகிறது?

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் ஏறக்குறைய 28 கோடிப் பேர் மனச்சோர்வுடன் வாழ்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் இது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காணப்படுகிறது.

முன்பு கலகலப்பாக இருந்தவர் ஏன் எல்லாரையும் தவிர்க்கத் தொடங்குகிறார்?

அவருக்கு நம் மேல் அன்பு வற்றிவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன், மூளை ஓர் இன்பத்தை எப்படி எதிர்பார்க்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒன்றைச் சுவைப்பதும் அதை நோக்கி நடக்கத் தூண்டப்படுவதும் மூளையில் தனித்தனி வேலைகள். 1990களில் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆய்வுகளில், பழச்சாறு வரப்போகிறது என்பதற்கான அறிகுறியைக் குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சாறு நாவில் படும்போது துடிக்காமல், அந்த அறிகுறி தோன்றும்போதே துடித்தன. எதிர்பார்ப்புதான் உடலை எழுப்பி நடக்க வைக்கிறது.

மனச்சோர்வில் இந்த எதிர்பார்ப்பின் குரல் அடங்கிப்போகிறது. பரிசு கிடைக்கப்போகும் தருணத்தில் மூளையின் அடியாழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி மற்றவர்களிடம் காட்டும் விழிப்பை மனச்சோர்வு உள்ளவர்களிடம் காட்டுவதில்லை என்று பல ஸ்கேன் ஆய்வுகள் கண்டுள்ளன. கூடுதல் உழைப்புக்குக் கூடுதல் பரிசு என்ற தேர்வை முன்னால் வைத்தால், அவர்கள் அந்த உழைப்பைக் குறைவாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். இப்போது ஒரு நண்பரைச் சந்திக்கச் செல்வதற்கு வேண்டியவற்றை எண்ணிப் பாருங்கள்: எழ வேண்டும், குளிக்க வேண்டும், உடை மாற்ற வேண்டும், பயணம் செய்ய வேண்டும், சிரிக்க வேண்டும், "எப்படி இருக்கிறாய்" என்ற கேள்விக்கு ஒரு பதிலைத் தயாரிக்க வேண்டும். செலவுக் கணக்கு முழுவதும் கண்ணெதிரே நிற்கிறது. வரவுப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அவர் போகாமல் இருப்பது அந்தக் கணக்கின் விளைவு.

இதில் மிகவும் வேதனை தருவது என்னவென்றால், எப்படியோ இழுத்துக்கொண்டு போய்விட்டால் அந்தச் சந்திப்பு அவர் நினைத்த அளவுக்கு மோசமாக இருப்பதில்லை. போன பிறகு கிடைக்கும் சிறு ஆறுதலை, போவதற்கு முன் அவரது மூளையால் கற்பனை செய்ய முடிவதில்லை. பின்னால் வரும் சிகிச்சை பற்றிய கேள்வியில் இதே இடத்துக்குத் திரும்புவோம்.

சாதாரணமாகச் சொன்ன சொல்கூட ஏன் அவரைக் குத்துகிறது?

மனித முகங்களை அவர் படிக்கும் விதமே மாறியிருக்கிறது. உணர்ச்சி எதுவும் காட்டாத முகத்தைச் சோகமான முகமாகப் புரிந்துகொள்வதும், மகிழ்ச்சியான முகத்தை அடையாளம் காணத் தடுமாறுவதும் மனச்சோர்வில் மீண்டும் மீண்டும் பதிவான செய்திகள். அச்சத்துக்கும் எச்சரிக்கைக்கும் உரிய அமிக்டலா என்ற பகுதி, நனவுக்கு எட்டாத வேகத்தில் திரையில் வந்து மறையும் முகங்களுக்குக்கூட மிகையாகத் துடிக்கிறது என்று 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. மருந்துச் சிகிச்சைக்குப் பின் அந்தத் துடிப்பு தணிந்தது. ஆக, வேலைக் களைப்பில் உங்கள் முகம் உணர்ச்சி எதுவும் காட்டாமல் இருந்தாலும் அவருக்கு அது வெறுப்பாகத் தெரியக்கூடும், அதுவும் அவர் யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே.

ஒதுக்கப்படுவதன் வலி பற்றி 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. கணினித் திரையில் மூவர் பந்தெறிந்து விளையாடும்போது, மற்ற இருவரும் திடீரென்று ஒருவருக்குப் பந்தைத் தராமல் விட்டார்கள். அப்போது அவரது மூளையில், உடல் வலியின் துன்பத்தோடு தொடர்புடைய முன் சிங்குலேட் பகுதி கூடுதலாக இயங்கியது. மனம் எவ்வளவு நொந்ததோ அவ்வளவு இயக்கம். அதை வைத்து, ஒதுக்கப்படுவதும் உடலில் அடிபடுவதும் மூளைக்கு ஒன்றே என்று எழுதிவிடுகிறார்கள். அது மிகை. அந்தப் பகுதி வேறு பல வேலைகளிலும் ஈடுபடுகிறது, ஆய்வில் பங்கேற்றவர்களோ 13 பேர்தாம். ஆயினும் ஒதுக்கப்படும் வலி வெறும் பேச்சுக்குச் சொல்லும் உவமை அல்ல, உடலில் நிகழும் ஒன்று என்ற அளவில் அந்த ஆய்வை ஏற்கலாம்.

மூளையில் எந்தப் பகுதி கெட்டுப்போகிறது?

ஒரு பகுதி கெட்டுப்போவதாக எண்ணுவதை நாம் கைவிட வேண்டும். ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல பகுதிகளின் ஒத்திசைவு குலைகிறது. திட்டமிடவும் உணர்ச்சியை நெறிப்படுத்தவும் உதவும் முன்மூளைப் புறணியின் பிடி தளர்கிறது. அமிக்டலாவின் எச்சரிக்கை ஓங்குகிறது. வெளிவேலை எதுவும் இல்லாதபோது தன்னைப் பற்றிய நினைவுகளில் உலவுகிற இயல்புநிலை வலையமைப்பு என்ற மூளைப் பகுதிகளின் கூட்டம், செய்ததையும் சொன்னதையும் அரைத்ததையே அரைப்பதோடு தொடர்புபட்டிருக்கிறது. நேற்று பேசிய ஒரு வாக்கியத்தை இரவு மூன்று மணிக்கு நூறாவது முறையாகப் புரட்டிப் பார்த்த அனுபவம் உள்ளவருக்கு இது விளங்கும்.

எந்தச் சிகிச்சைக்கும் மசியாத ஆறு நோயாளிகளின் மூளையில், முன் சிங்குலேட்டின் கீழ்ப்புறத்தில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தித் தூண்டிய ஹெலன் மேபெர்க்கின் குழு, அவர்களில் நால்வர் தேறினார்கள் என்று 2005இல் அறிவித்தது. ஒன்றோடொன்று இணைந்த இந்தப் பகுதிகளின் பின்னலில் சரியான இடத்தைத் தொட்டால் முழுமையும் அசைகிறது என்ற எண்ணத்துக்கு அது வலுவூட்டியது. பின்னர் நடந்த பெரிய சோதனைகளில் அதே வெற்றி எளிதில் கிட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலே சொன்னவை எல்லாம் பலரின் சராசரியில் தெரியும் வேறுபாடுகள். ஒரு தனி மனிதரை ஸ்கேன் செய்து "உங்களுக்கு மனச்சோர்வு" என்று சொல்ல இன்று வழியில்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

செரோடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறதா?

செரோடோனின் என்பது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள். ஆனால் அவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட முடியாது. 1950களில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட் என்ற மருந்து நோயாளிகளின் மனத்தையும் உற்சாகப்படுத்தியதை மருத்துவர்கள் கண்டார்கள். அது செரோடோனின் முதலான வேதிப்பொருள்கள் சிதைவதைத் தடுப்பது தெரிந்ததும், அவை குறைவதே நோய் என்ற கருத்து பிறந்தது. 1987இல் அமெரிக்காவில் ஃபுளூவாக்செட்டின் அனுமதி பெற்ற பிறகு அந்தக் கருத்து விளம்பரங்கள் வழியாக வீடுதோறும் சென்றது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் செரோடோனின் குறைந்திருப்பதற்கு ஒத்திசைவான சான்று இல்லை என்று 2022இல் வெளிவந்த விரிவான மறுஆய்வு கூறியது.

அதைப் படித்துவிட்டு மருந்தெல்லாம் பொய் என்று முடிவு செய்தவர்களும் உண்டு. அது ஆபத்தான முடிவு. ஒரு மருந்து பலன் தருவதும், அந்த மருந்து கூட்டுகிற பொருள் குறைந்ததால்தான் நோய் வந்தது என்பதும் வேறு வேறு கூற்றுகள். 2018இல் 21 மருந்துகளை, 522 சோதனைகளில் பங்கேற்ற 1,16,477 பேரின் தரவுகளைக் கொண்டு ஒப்பிட்டபோது, எல்லா மருந்துகளும் போலி மாத்திரையைவிட மேலான பலன் தந்தன. ஆனால் சராசரியில் அந்த மேன்மை மிதமானதே.

மனச்சோர்வால் மூளை சுருங்கிவிடும் என்கிறார்களே, திரும்ப வருமா?

இந்தக் கேள்வியைப் பலர் அச்சத்தோடு கேட்கிறார்கள், ஆகவே அளவைச் சொல்வது முக்கியம். நினைவுக்குத் துணைபுரியும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, 1,728 நோயாளிகளையும் 7,199 மற்றவர்களையும் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வில், நோயாளிகளிடம் சராசரியாக ஏறக்குறைய 1 சதவீதம் சிறியதாக இருந்தது. அந்த வேறுபாடு நோய் மீண்டும் மீண்டும் வந்தவர்களிடம் காணப்பட்டது. முதல் முறை நோயுற்றவர்களிடம் அப்படிக் காணப்படவில்லை. நோய் நீளவிடாமல் சிகிச்சை தொடங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது.

நீண்டகால அழுத்தத்தில் கார்ட்டிசோல் என்ற சுரப்பு உயர்ந்தே நிற்பது இந்தச் சுருக்கத்துக்கு ஒரு வழி என்று கருதப்படுகிறது. கார்ட்டிசோல் போதும் என்று மூளைக்கு அறிவித்துச் சுரப்பைத் தணிப்பதில் ஹிப்போகேம்பஸுக்கும் பங்குண்டு. அது நலிந்தால் தணிக்கும் கை தளர்கிறது, சுரப்பு இன்னும் நீடிக்கிறது. ஆனால் இந்த மாற்றம் கல்லில் பொறித்ததல்ல. விலங்குகளிடம் சுருங்கிய நரம்புக் கிளைகள் அழுத்தம் நீங்கியதும் மீண்டும் வளர்கின்றன; மூளைக்குக் குறுகிய மின்தூண்டல் கொடுக்கும் மின்னதிர்வுச் சிகிச்சை பெற்ற மனிதர்களிடம் ஹிப்போகேம்பஸின் பருமன் கூடுவது பல ஆய்வுகளில் தெரிந்துள்ளது.

காய்ச்சல் வந்தால் சுருண்டு படுக்கத் தோன்றுவது போலத்தான் இருக்கிறது. அது வெறும் ஒப்பீடா?

ஒரு பகுதியினருக்கு அது ஒப்பீட்டைவிட நெருக்கமானது. கிருமி புகுந்தால் உடல் சைட்டோகைன் என்ற செய்திப் பொருள்களை வெளியிடுகிறது. அவை மூளைக்கு எட்டும்போது பசி மங்குகிறது, உடல் கனக்கிறது, மனிதர்களை விட்டு ஒதுங்கத் தோன்றுகிறது. நோயுற்ற உயிர் ஆற்றலைச் சேமிக்க இது உதவுகிறது. ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு முன்பு கொடுக்கப்பட்ட இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவும் ஒரு சைட்டோகைன்தான். அதைப் பெற்றவர்களில் கணிசமானோருக்கு, அதுவரை மனநலக் குறை எதுவும் இல்லாதவர்களுக்கும்கூட, மனச்சோர்வு வந்தது. சைட்டோகைன்கள் தூண்டும் அழற்சி மனச்சோர்வு உள்ள எல்லாரிடமும் மிகுந்திருப்பதில்லை, சிலரிடம் இருக்கிறது.

உரையாடலில் அவர் மாறிப்போனது போல் தெரிகிறதே, என்ன நடக்கிறது?

குரலின் ஏற்ற இறக்கம் தட்டையாகிறது, சொற்களுக்கு நடுவே மௌனம் நீள்கிறது, கண் நேருக்கு நேர் பார்ப்பது குறைகிறது. பேச்சின் இழையைத் தொடர்ந்து பிடித்திருக்கும் கவனமும் தளர்வதால், நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் இடம் அவருக்குப் பெரும்பாடு. தனியாக ஒருவரோடு பேசுவது அதைவிட எளிது.

அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றம் நினைவைப் பற்றியது. "மகிழ்ச்சியாக இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், பொதுவாக எவரும் ஒரு குறிப்பிட்ட மாலையை, ஒரு குறிப்பிட்ட முகத்தைச் சொல்வார்கள். மனச்சோர்வு உள்ளவரோ "நண்பர்களோடு இருக்கும்போது" என்று பொத்தாம் பொதுவாக நிறுத்திவிடுகிறார். 1986இல் மார்க் வில்லியம்ஸும் அவருடன் பணியாற்றியவரும் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் இதைக் கண்டார்கள்; பிறகு மனச்சோர்விலும் இது உறுதிப்பட்டது. நட்பு என்பது பெரும்பாலும் பழைய நாள்களின் நுணுக்கங்களைப் பகிர்வதில்தான் உயிர்வாழ்கிறது. அந்த நுணுக்கங்கள் கைக்கு எட்டாமல் போகும்போது உரையாடல் வறண்டுபோவதில் வியப்பில்லை.

எப்போதும் எரிந்து விழுகிறார், ஆனால் அழுவதில்லை. இதுவும் மனச்சோர்வாக இருக்குமா?

இருக்கலாம். குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் சோகத்துக்குப் பதிலாக எரிச்சலே முதன்மை அறிகுறியாக வரலாம் என்று மருத்துவ வரையறையே ஏற்கிறது. ஆண்கள் பலரிடமும் சினம், மிதமிஞ்சிய குடி, ஓயாத வேலை ஆகியவற்றின் பின்னே அது மறைந்திருக்கும். வெளியே சிரித்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டு வீட்டுக் கதவைச் சாத்தியதும் சரிந்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் நடிக்கிறார்கள் என்று சொல்வது கொடுமை, ஏனென்றால் நாள் முழுவதும் தாங்கிப் பிடித்ததன் களைப்பைத்தான் வீடு பார்க்கிறது.

தனிமை மனச்சோர்வைத் தருகிறதா, மனச்சோர்வு தனிமையைத் தருகிறதா?

இரண்டு பக்கமும் சக்கரம் சுற்றுகிறது. ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே நடத்தி 1978இல் வெளியிட்ட ஆய்வில், பேரிடி போன்ற நிகழ்வுகளைச் சந்தித்தவர்களில், மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இருந்த பெண்களைவிட அப்படி யாரும் இல்லாத பெண்களே மனச்சோர்வுக்கு அதிகம் ஆளானார்கள். ஆயிரம் பேர் தெரிந்திருப்பது இதற்கு ஈடாகாது, தேவைப்பட்டது ஒருவர்.

மறுபக்கத்தை ஜேம்ஸ் காயின் 1976இல் காட்டினார். மாணவிகள் 20 நிமிடம் முன்பின் தெரியாத ஒருவரோடு தொலைபேசியில் பேசினார்கள். எதிரில் இருப்பவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. மனச்சோர்வு உள்ளவரோடு பேசியவர்கள் உரையாடலின் முடிவில் தாங்களும் சோர்ந்திருந்தார்கள், மறுபடியும் அவரோடு பேச விரும்பவில்லை. ஒதுக்கப்படுவோம் என்று அஞ்சி ஒருவர் "என் மேல் கோபமா" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார், இல்லை என்ற பதில் சற்று நேரமே தாங்குகிறது, கேட்டுக் கேட்டு எதிரில் இருப்பவர் சலிக்கிறார், அஞ்சியது உண்மையாகிவிடுகிறது. இதில் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் இந்தச் சுழலைப் பெயர் சொல்லி அடையாளம் கண்ட குடும்பங்கள் அதிலிருந்து வெளிவர வாய்ப்பு அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அருகில் இருப்பவர் என்ன செய்யலாம்?

பதிலை எதிர்பார்க்காத செய்தி அனுப்புங்கள். "ஏன் பேசவில்லை" என்ற கேள்வி அவரிடம் விளக்கம் கேட்கிறது. "உன் நினைவு வந்தது, பதில் எழுத வேண்டியதில்லை" என்ற வரி எதையும் கேட்பதில்லை. அழைப்பை மறுத்தாலும் அடுத்த முறையும் அழையுங்கள், சிறிதாக, முடியும் நேரத்தோடு: "பத்து நிமிடம் நடந்துவிட்டு வரலாம்". அறிவுரையைவிட, கூட உட்கார்ந்திருப்பது பல நேரங்களில் மேலானது. மருத்துவரிடம் நேரம் வாங்கித் தருவது, கூடப் போவது, மருந்து வாங்கி வருவது போன்ற வேலைகளில் உதவுங்கள், ஏனென்றால் அவருக்குத் தீர்ந்துபோயிருப்பது தொடங்கும் ஆற்றல்தான்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். சலிப்பு வருவது அன்பின்மை ஆகாது. இன்னொருவரோடு பொறுப்பைப் பகிர வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதையே அது காட்டுகிறது.

சாவதைப் பற்றி நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது ஆகாதா?

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. பலருக்கு அது பெரிய பாரத்தை இறக்கி வைத்தது போல் இருக்கிறது. "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று தெளிவான சொற்களில், தனிமையில், பதற்றம் இல்லாமல் கேளுங்கள். ஆம் என்றால் வாதிடாமல் கேட்டுக்கொள்ளுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், ஆபத்து விளைவிக்கக்கூடிய பொருள்களை அகற்றுங்கள், அன்றே மருத்துவ உதவியையோ உங்கள் பகுதியின் நெருக்கடி உதவி எண்ணையோ நாடுங்கள். இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், இப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டியதில்லை, "என்னால் முடியவில்லை" என்ற இரண்டு சொற்கள் போதும்.

சிகிச்சை மூளையில் என்ன செய்கிறது? ஏன் பல வாரம் பிடிக்கிறது?

மருந்தின் முதல் வேளையே நரம்பிணைப்பில் வேதிப்பொருளின் அளவை மாற்றத் தொடங்கிவிடுகிறது. மனநிலை தேறவோ இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். இந்த இடைவெளிக்கு ஆக்ஸ்ஃபோர்டில் கேத்தரின் ஹார்மரும் அவருடைய குழுவும் தந்த விளக்கம் என்னை மிகவும் கவர்ந்தது. ஒரே ஒரு வேளை மருந்துக்குப் பின், தான் இன்னும் சோர்வாகவே உணரும் நோயாளிகூட, மகிழ்ச்சியான முகங்களை முன்பைவிட நன்றாக அடையாளம் காண்கிறார். மருந்து நேரடியாக மகிழ்ச்சியைத் தருவதில்லை. முகங்களைப் படிக்கும் சாய்வைச் சற்றே திருத்துகிறது. திருத்திய கண்ணோடு நாள்தோறும் மனிதர்களைச் சந்தித்துச் சந்தித்து மனநிலை மெல்ல மாறுகிறது. இது சரியென்றால், மருந்து உட்கொண்டு அறைக்குள்ளேயே இருப்பவருக்கு அதன் பலன் முழுமையாகக் கிட்டாமல் போகலாம்.

பேச்சுச் சிகிச்சைகளில் செயல்தூண்டல் என்ற முறை நாம் முன்பு பார்த்த வரவு செலவுக் கணக்கை நேரடியாகத் தொடுகிறது. விருப்பம் வரும்வரை காத்திருக்காமல், சிறு செயல் ஒன்றை நேரம் குறித்துச் செய்து, பிறகு எப்படி இருந்தது என்று எழுதி வைக்கிறார்கள். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியே மூளைக்குப் பாடமாகிறது. இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்து 2016இல் வெளிவந்த சோதனையில், இந்த எளிய முறை, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை. ஆனால் "வெளியே போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒருவரை விழாக் கூட்டத்தில் தள்ளுவது இதுவல்ல. படிகள் சிறியவையாக, அவர் தேர்ந்தெடுத்தவையாக இருக்க வேண்டும்.

கடுமையான நிலையில் மின்னதிர்வுச் சிகிச்சை மிகுந்த பலன் தருவது. இன்று மயக்க மருந்து கொடுத்தே அதைச் செய்கிறார்கள், திரைப்படங்களில் பார்த்த அச்சத்தை வைத்து அதை மறுத்துவிட வேண்டாம். 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மருந்தின் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால் நெருங்கிய கவனிப்பு தேவை. முன்பு எப்போதாவது மிதமிஞ்சிய உற்சாகமும் தூக்கமின்மையும் சேர்ந்து பல நாள் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். அது சோர்வும் மிகை உற்சாகமும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை வேறு.

தேறிவிட்டேன், தூக்கமும் பசியும் திரும்பிவிட்டன. ஆனாலும் மனிதர்களைச் சந்திக்கத் தயக்கமாக இருக்கிறதே?

உறவு வாழ்க்கை மற்ற அறிகுறிகளைவிடப் பிந்தியே சீராவது வழக்கம். கவனமும் நினைவும் முழுதாகத் திரும்பச் சிறிது காலம் பிடிக்கிறது; பதில் எழுதாமல் விட்ட செய்திகளும் போகாமல் விட்ட நிகழ்வுகளும் கடன் போல மனத்தில் நிற்கின்றன. அந்தக் கடனை ஒரே நாளில் தீர்க்க வேண்டும் என்ற எண்ணமே பலரை மீண்டும் அறைக்குள் அனுப்புகிறது. எல்லாரிடமும் எல்லாவற்றையும் விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "சில மாதங்களாக உடம்பும் மனமும் சரியாக இல்லை, அதனால் தொடர்பில் இருக்க முடியவில்லை, இப்போது தேறி வருகிறேன்" என்று ஒருவருக்கு எழுதுங்கள், உங்களை அதிகம் கேள்வி கேட்காத ஒருவராக அவர் இருக்கட்டும். அவர் பதில் எழுதுவதற்குள் உங்கள் மனம் பத்து மோசமான பதில்களைக் கற்பனை செய்யும். அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்து, உண்மையில் வந்த பதிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாத்திரையை மட்டும், தேறிவிட்டோம் என்ற நம்பிக்கையில் நீங்களாக நிறுத்த வேண்டாம். முதல் முறை நோயுற்றவர்களுக்குக்கூட, தேறிய பின் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது மருத்துவ வழக்கம், நிறுத்தும்போதும் அளவைப் படிப்படியாகவே குறைப்பார்கள்.